ஆறு பிள்ளைக்கு ஒரு வாளி கம்மா? சிறுவர் கைவேலைப் பொருட்கள் வாங்குவதில் நான் விட்ட பிழைகள்

போன சனிக்கிழமை திருகோணமலை நகரில் ஒரு புத்தகக் கடையில் நின்றேன். பக்கத்தில் ஒரு தங்கை, கையில் இரண்டு பக்கப் பட்டியல். உப்புவெளியில் வீட்டு விறாந்தையிலேயே பிள்ளைகளுக்குக் கைவேலை வகுப்புத் தொடங்கப் போகிறாளாம். அடுத்தவர் பட்டியலை எட்டிப் பார்க்கக் கூடாதுதான்; கண் போய்விட்டது. முதல் வரி, "கம் – பெரிய வாளி 1". இரண்டாவது வரி, "பிரிஸ்டல் போர்ட் – 100".

"எத்தனை பிள்ளைகள், தங்கச்சி?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு ஆறு பேர், அக்கா. கூடும்."

பதினொரு வருடங்களுக்கு முன்பு நானும் இந்தக் "கூடும்" என்ற சொல்லை நம்பித்தான் பட்டியல் எழுதினேன். அதே வாளி, அதே நூறு பிரிஸ்டல் மட்டை. வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கத்தரிக்கோலின் முனை மழுங்கியிருக்க வேண்டும், வாயில் போடும் வயதுப் பிள்ளைகளுக்கு மணி கொடுக்கக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாளி

"புறக்கோட்டைக்குப் போனால் எல்லாம் பாதி விலை" என்று எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. அது பொய்யும் இல்லை. அப்போது என்னிடம் 18 பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். சீட்டு எடுத்த காசில் 18,500 ரூபாயை முடிந்துகொண்டு, புரட்டாதி தொடக்கத்தில் கொழும்புக்கு இரவு ரயில் ஏறினேன். குறுக்குத் தெருக்களில் காலை முழுவதும் சுமை இழுக்கும் நாட்டாமைகளின் தள்ளுவண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு அலைந்து, கடைசியில் ஒரு கடையில் 10 கிலோ வெள்ளைக் கம் வாளியைக் கண்டேன். "சின்னப் போத்தலோடு பார்த்தால் கிலோவுக்கு அரைவாசி விலை, மிஸ்" என்றார் கடைக்காரர். நான் மிச்சத்தைக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது கல்லோயாச் சந்தியில் ரயில் குலுங்கி நிற்க, வாளி உருண்டு எதிரில் இருந்த ஐயாவின் கணுக்காலில் மோதியது. அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வாங்குவதற்கு முன்பு நான் செய்திருக்க வேண்டிய கணக்கு மிகச் சின்னது. ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்பில் ஏறத்தாழ 10 கிராம் கம் போதும். 18 பிள்ளைக்கு 180 கிராம். வாரம் ஒரு வகுப்பு. 10 கிலோ முடிய 55 வாரம், அதாவது ஒரு வருடத்துக்கும் மேல். அந்த 55 வாரமும் மூடி திறக்கப்படும், தூரிகை உள்ளே போகும், கடற்காற்றும் உள்ளே போகும்.

வெள்ளைக் கம் என்பது தண்ணீரில் கலந்து நிற்கும் நுண்ணிய பிசின் துகள்கள்தான். தண்ணீர் வற்றியதும் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. கடதாசியில் அது நடந்தால் ஒட்டு, வாளிக்குள் நடந்தால் தோல். தகரக் கூரைக்குக் கீழே இருந்த என் பொருள் அறையில் இரண்டாவது வாரமே தோல் படியத் தொடங்கிவிட்டது. தோலை எடுத்து எறிந்தேன். அடுத்த வாரம் இன்னும் தடித்த தோல். கம் இறுகிக்கொண்டு போனது.

அப்போதுதான் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். இளக்குவதற்காகக் கிணற்றுத் தண்ணீரை நேரே வாளிக்குள் ஊற்றிக் கலக்கினேன். கிண்ணத்தில் அல்ல, வாளி முழுவதிலும். கிணற்றுத் தண்ணீரோடு அதிலுள்ள கிருமிகளும் போய்விட்டன; கம் தயாரித்தவர்கள் கெடாமல் இருக்கச் சேர்த்த மருந்தும் தண்ணீர் கூடியதில் வலுக் குறைந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் மூடியைத் திறந்தேன். புளித்த மோரும் நனைந்த சாக்கும் கலந்த மணம். மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். முதல் வரிசையில் இருந்த ஒரு சின்னவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ரீச்சர், யாரோ செத்துப்போய்விட்டார்கள்" என்றான்.

அதுவரை பயன்பட்டது 3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மீதி 7 கிலோ போய்விட்டது. அரைவாசி விலை என்று வாங்கியதை, பயன்பட்ட 3 கிலோவால் வகுத்துப் பாருங்கள்: சின்னப் போத்தல் விலையின் ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. ரயில் காசும் அந்த ஐயாவின் கணுக்காலும் தனி.

இன்று என்னிடம் 31 பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றும் அரைக் கிலோப் போத்தலுக்கு மேல் நான் வாங்குவதில்லை. ஒன்று முடியும்போதுதான் அடுத்ததைத் திறப்பேன். வகுப்பு நாளில் பால்மாப் பேணி மூடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுப்பேன். தண்ணீர் சேர்ப்பதென்றால் அந்த மூடியில் மட்டும். மூடியில் மிஞ்சியது போத்தலுக்குத் திரும்பிப் போகாது. இதைச் சொன்னால் "கஞ்சத்தனம் இல்லாத ரீச்சர்" என்று சிரிக்கிறார்கள். கஞ்சத்தனத்தில் பட்டுத்தான் இதைப் படித்தேன்.

ஒட்டக்கூடிய எதுவும் இதே சாதிதான். இரட்டைப்பக்க டேப், பின்பக்கம் பசை தடவிய ஃபோம் தாள், கம் குச்சி எல்லாம் சூட்டில் இளகி வழியும் அல்லது உலர்ந்து உதிரும். ஃபோம் தாள் இருபதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தேன். எடுக்கும்போது இருபதும் ஒரே தாளாக வந்தன.

தட்டுப்பாட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். கிடைக்கும்போது அள்ளிக்கொள் என்பது கைக்குப் பழகிப்போன வேலை. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப் போயின. அந்த வருடம் கடதாசி சேர்த்து வைத்திருந்தவர்கள் புத்திசாலிகள் ஆனார்கள். சரி, கடதாசியை அள்ளுங்கள். கம்மை அள்ளாதீர்கள்.

மழைக்கு முன் கடதாசி

கடதாசியை அள்ளுவதற்கும் ஒரு காலம் இருக்கிறது. கொழும்பில் பாடசாலைப் பொருட்களுக்குக் கழிவு விலை போடுவது பெரும்பாலும் டிசம்பரில். எங்களுக்கு அதுதான் அடைமழை. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டும் மாதங்களில், சுவரில் கை வைத்தாலே ஈரம் படும். கடதாசியின் நார் அந்த ஈரத்தைக் குடித்துப் பருக்கிறது. நீளவாட்டில் அவ்வளவு இல்லை, குறுக்குவாட்டில்தான் அதிகம். அதனால்தான் மட்டை அப்பளம்போல வளைகிறது. வெயில் வந்ததும் நேராகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகாது, வளைவு பாதி அப்படியே நின்றுவிடும், மேலே தவிட்டு நிறப் புள்ளிகளும் விழும்.

நான் இப்போது பங்குனிக்குப் பிறகுதான் கடதாசி வாங்குகிறேன். மழை தொடங்குவதற்குள் பாதி முடிந்துவிடும். மீதியைப் பொலித்தீனில் சுற்றி, நிமிர்த்தாமல் படுக்கையாக, நிலத்திலிருந்து ஒரு முழம் உயரத்தில், வெளிச்சுவரில் படாமல் வைப்பேன். சிறு துண்டுகள் பிஸ்கட் பேணிக்குள் போகும். பேணியில் புத்தகப்பூச்சி ஏறாது.

கிரேப் தாள் மட்டும் எப்படி வைத்தாலும் துரோகம் செய்யும். அதன் சாயம் தண்ணீர் பட்டால் விட்டுவிடும். அந்த வருட மழையில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, கட்டு முழுவதும் வாழைப்பூ நிறமாகிவிட்டது. கோபத்தில் ஒரு கட்டைத் தண்ணீரில் போட்டேன். நல்ல சாயத் தண்ணீர் கிடைத்தது. பிள்ளைகள் அதில் இரண்டு மாதம் படம் வரைந்தார்கள். 18,500 ரூபாய்ப் பயணத்தில் எதிர்பாராமல் கிடைத்த வரவு அது ஒன்றுதான்.

றீமை நிறுக்காமல் வாங்குவது

உறையில் 80 கிராம் என்று போட்டிருக்கும், ஒரு சதுர மீற்றர் தாளின் நிறை அது. நம்பாதீர்கள், நிறுத்துப் பாருங்கள். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர். அப்படியானால் 80 கிராம் தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கொண்ட றீம் 2.5 கிலோ. 70 கிராம் தாள் என்றால் 2.2 கிலோவுக்குச் சற்றுக் குறையும். பலசரக்குக் கடைத் தராசே போதும். எனக்குத் தெரிந்த கடைக்காரர் முதல் முறை முறைத்தார். இப்போது அவரே தூக்கித் தராசில் வைக்கிறார். மெல்லிய தாளில் வர்ணம் தீட்டினால் கிழியும், பிள்ளை இன்னொன்று கேட்கும், அதுவும் கிழியும்.

மட்டையை ஏ4 அளவில் வெட்டுவது

நான் வாங்கும் பிரிஸ்டல் போர்ட் 22க்கு 28 அங்குலம். அதை ஏ4 அளவில் நேராக வெட்டினால் 4 துண்டு வரும், பெரிய ஓரம் குப்பைக்குப் போகும். 11க்கு 7 என்று வெட்டினால் 8 துண்டு, ஓரமே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. எந்த வாழ்த்து மடலும் ஏ4 அளவில் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

மினுக்கத்தூள்

வேண்டாம். பாய் இடுக்கில் போனது போனதுதான்.

ஸ்ட்ரோ கட்டு

2023 ஒக்டோபர் முதல் நாட்டில் பிளாஸ்டிக் ஸ்ட்ரோவுக்குத் தடை. பழைய கட்டு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். வட்டம் அச்சடிக்கப் பப்பாசித் தண்டு இருக்கிறது. பால் வடிந்து உலர்ந்த பிறகு கொடுங்கள். பூ அச்சடிக்க வெண்டிக்காய்.

கடற்கரை இலவசம் என்று நினைப்பது

சிரட்டை, பனையோலை, கச்சான் கோது, பனங்கொட்டை எல்லாம் நல்ல சரக்கு. தாராளமாகச் சேருங்கள். ஆனால் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைத் துண்டுகளை, தொடாதீர்கள். நிலாவெளிக் கடலில் உள்ள புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா. கரை முழுவதும் முருகைக்கல் துண்டுகள் கொட்டிக் கிடந்தாலும் ஒன்றையும் எடுத்து வரக் கூடாது. சுற்றுலா போன பெற்றோர் ஒருவர் பை நிறையக் கொண்டுவந்து "வகுப்புக்கு உதவும், ரீச்சர்" என்று நீட்டியபோது, வாங்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் நின்றிருக்கிறேன். சிப்பி என்றால் உள்ளே குடித்தனம் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். நான் பார்க்காமல் மேசையில் பரப்பிய சங்கு ஒன்று, கம் தடவப்போகும்போது எழுந்து நடந்தது.

உப்பு மா உருவம்

இரண்டு பங்கு கோதுமை மா, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். மலிவு, பிழைபோக வழியில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உலர்ந்ததும் கல்போல இருக்கும். ஆனால் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும்; இந்த ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தீபாவளிக்குச் செய்த யானைகள் கார்த்திகையில் தும்பிக்கை தொங்கி நின்றன. வார்னிஷ் பூசாமல் மழைக்காலத்தில் இதைச் செய்யாதீர்கள், முக்கியமாகப் பெற்றோருக்குப் பரிசாக.

மாப்பசையில் மயில்துத்தம்

வெள்ளைக் கம்முக்குப் பதில் கோதுமை மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கொதிநீரில் கிளறிக் காய்ச்சிய பசை கடதாசி வேலைக்கு மிக நன்று. இரண்டு நாளில் புளிக்கும், பூச்சி வரும். அதற்குப் பழைய புத்தகம் கட்டுபவர்கள் மயில்துத்தம் சேர்ப்பார்கள். "அம்மா காலத்து முறை" என்று யாராவது உங்களுக்கும் சொல்லுவார்கள். அது செப்பு உப்பு, நஞ்சு. விரல் சப்பும் பிள்ளைகளுக்கு அது ஆகாது. கொஞ்சமாகக் காய்ச்சி, மிஞ்சினால் எறியுங்கள்.

குன்றிமணி

இதில் மட்டும் விளையாட்டு இல்லை. மஞ்சாடி விதை முழுவதும் சிவப்பு. குன்றிமணியில் கறுப்புக் கண் இருக்கும். கடுமையான நஞ்சு. விதையின் மேல்தோடு உடையாமல் இருக்கும்வரை ஓரளவு அடங்கிக் கிடக்கும். கோர்க்க ஊசியால் துளைத்தால் தோடு உடைந்தது, நஞ்சு வெளியே. இரண்டும் கலந்த பை கிடைத்தால் பிரித்துக்கொண்டிருக்காதீர்கள், முழுவதையும் விட்டுவிடுங்கள்.

கடையை நினைத்துப் பட்டியல் எழுதுவது

அந்தத் தங்கையின் பட்டியல் கடையின் தட்டு வரிசையில் இருந்தது: கம், மட்டை, தாள், வர்ணம், தூரிகை. பாடம் எங்கேயும் இல்லை. "முதல் நாலு வாரம் என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன். வாழ்த்து மடல், மீன், முகமூடி, காற்றாடி என்றாள். கடைக்காரரிடம் பேனை வாங்கிப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதினோம். ஆறு பிள்ளை, நாலு வாரம், தலைக்கு ஒரு வகுப்பில் 11க்கு 7 துண்டு ஒன்று. 24 துண்டு. 8ஆல் வகுத்தால் பிரிஸ்டல் போர்ட் 3. பிழைபோனால் என்று இன்னொன்று. கம் 240 கிராம்.

"அவ்வளவுதானா, அக்கா?" என்று கடைக்காரரைப் பார்த்தபடியே கேட்டாள். அவர் ஏற்கெனவே வாளியைத் தூக்கி மேசையில் வைத்திருந்தார்.