மலையக வீட்டில் விட்டுவரும் பேட்டரி

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உறவினர் வீட்டில் ஒரு வானை நிறுத்திவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகிறவர்கள், வண்டி கிளம்பாதபோது மலைக்குளிரின் மீது பழியைப் போடுவார்கள். குளிரில் எஞ்சினைச் சுழற்றும் வலு சற்றுக் குறையும் என்பது உண்மையே. ஆனால் கிடப்பில் இருக்கும் பேட்டரிக்குக் குளிர் நல்லது. வெப்பம் 10 பாகை கூடினால் அது தானாக மின்னிழக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால், கொழும்பைவிட நுவரெலியாவில் நெடுநாள் தாங்கும். பாதி சார்ஜோடு மாதக்கணக்கில் விடுவதுதான் கேடு. ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும்.

ஆகவே புறப்படுமுன் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, நெகடிவ் வயரை முதலில் கழற்றிவிட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் ஏற்றும்படி வீட்டிலிருப்பவரிடம் சொல்லி வையுங்கள். சீமெந்துத் தரை சார்ஜை உறிஞ்சும் என்பது பழைய நம்பிக்கை. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அது பொருந்தாது.

சார்ஜரைக் கழற்றிய கையோடு அளப்பதில் பயனில்லை. சென்ற முறை மாலையில் என் மீட்டர் 13.1 வோல்ட் காட்டியது, நிம்மதியாகப் படுத்தேன். விடிந்து, பனிமூட்டம் விலகுமுன் பார்த்தபோது 12.2 தான் இருந்தது, அதாவது பாதி. இரவு முழுதும் ஓய்வில் இருந்தபின் 12.6க்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ், 12.4 முக்கால், 12.0 என்றால் கால்வாசிதான்.

மூடி திறக்கும் வகையானால், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரே நம்பத்தக்கது. ஆறு அறைகளிலும் 1.265 அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 0.050 குறைந்தால் அந்த அறை பழுதாகியிருக்கக்கூடும். மலையகத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: 27 பாகைக்கென அளவு குறித்த கருவி, 15 பாகைக் குளிரில் அமிலம் அடர்ந்திருப்பதால் கூடுதலாகக் காட்டும், ஏறத்தாழ 0.008 கழித்துப் படியுங்கள்.

அமிலத்தின் மட்டம் குறைந்தால், ஊற்று நீர் எவ்வளவு தெளிந்திருந்தாலும் அதை ஊற்றாமல், காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். கனடாவிலிருந்து கொண்டுவரும் சார்ஜர் 120 வோல்டுக்கு மட்டுமானதா என்று பாருங்கள், இங்கு 230. சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வெளியேறும் என்பதால், குளிருக்காக ஜன்னலைச் சாத்திய அறையிலோ சாமி விளக்கு எரியும் இடத்திலோ ஏற்ற வேண்டாம்.