பேட்டியில் இருந்து கவிதை எடுப்பது எப்படி: நர்சிங் ஆசிரியர்களுக்கு

எனக்குக் கவிதை எழுத வராதே என்று பின்வாங்காதீர்கள், இதற்கு அது தேவையே இல்லை, சொல்லப்போனால் கவிதை எழுதிப் பழகியவர்கள்தான் இதைக் கெடுப்பார்கள். நீங்கள் எழுதப்போவதில்லை. உங்கள் ஆய்வுக்காக நர்சிங் மாணவி ஒருத்தி பேட்டியில் பேசியதில் இருந்து வெட்டி எடுக்கப்போகிறீர்கள்.

நெறிமுறைக் குழு அனுமதி, மாணவியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இரண்டும் முதலில். மதிப்பெண் போடும் ஆசிரியரே பேட்டி எடுக்க வேண்டாம், "நல்ல அனுபவம் மிஸ்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது, எம்.எஸ்சி. படிக்கும் அக்கா யாரையாவது உட்கார வையுங்கள். வார்டில் மறக்க முடியாத ஒரு ராத்திரியைச் சொல்லு என்று ஒரே கேள்வி போதும். பதிவு செய்ததைப் பேசினபடியே தட்டச்சு செய்யுங்கள். மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளை "செத்துப்போச்சு" என்று ஆரம்பித்து நடுவில் "எக்ஸ்பைர் ஆயிட்டாங்க" என்று மாறினால் அதைத் திருத்திவிடாதீர்கள், அந்த மாற்றம்தான் தரவு.

எப்படி வெட்டுவது? உதாரணத்துக்கு நானே புனைந்த பேச்சு இது:

"அந்தப் பாட்டி ராத்திரி முழுக்க நாத்து பறிச்சாச்சா நாத்து பறிச்சாச்சான்னே கேட்டுச்சுக்கா, பிபி பாக்கப் போனப்ப ஆச்சு பாட்டின்னு சொல்லிட்டேன், பொய்தான், காலையில வந்தா கட்டில்ல புது பெட்ஷீட்."

வெட்டியது:

நாத்து பறிச்சாச்சா
நாத்து பறிச்சாச்சா
ஆச்சு பாட்டி
பொய்தான்
காலையில
புது பெட்ஷீட்

இதையே ஆய்வின் கருப்பொருள் அட்டவணையில் "மரணம் குறித்த குற்ற உணர்வு" என்று ஒரு கட்டத்தில் போட்டிருப்போம். போடுங்கள், அதுவும் வேண்டும்தான், ஆனால் அந்தப் பெட்ஷீட் அதில் இருக்காது.

1997-இல் காரின் கிளெஸ்னி என்ற ஆய்வாளர், போர்ட்டோ ரீக்கோவின் முதிய கல்வியாளர் ஒருவரின் பேட்டியை இப்படிக் கவிதையாக்கியபோது வைத்துக்கொண்ட விதி எளிது: சொற்கள் பேசியவருடையவை மட்டும், எங்கிருந்தும் எடுத்து முன்பின் வைக்கலாம், ஆனால் அவர் பேச்சின் ஓட்டம் கெடக் கூடாது. "கண்ணீர்", "மௌனம்" என்று நீங்களாக ஒரு சொல் சேர்த்தாலும் அது உங்கள் கவிதை. எதை ஏன் வெட்டினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

அடியில் கூற்று எழுதுங்கள். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி (நர்ஸ் அல்ல, வளர்ப்புத் தாய்) கூற்று என்று யார் யாரிடம் எப்போது சொன்னது என்பதைக் குறிக்கும் வழக்கம் சங்கப் பாடல்களில் நமக்கு ஏற்கெனவே இருக்கிறதே: "இரவுப் பணி முடித்த இரண்டாம் ஆண்டு மாணவி, மூத்த மாணவிக்குச் சொல்லியது". ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம். நெல் பருவம் குறுவையா தாளடியா என்பது இருக்கலாம், ஊரும் வாய்க்காலும் சேர்ந்தால் டெல்டாவில் எந்த வீட்டுப் பாட்டி என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக, அந்தப் பிள்ளையிடமே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "பொய்தான்" மட்டும் வேண்டாங்க்கா என்றால் எடுத்துவிடுங்கள், கவிதையில் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினாலும் சரி.