உப்புக் காற்றில் ரைஃபிளைக் காப்பது எப்படி?

இராயபுரம், காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் ஜன்னல் கம்பியையே அரித்துவிடும் உப்புக் காற்று, உரிமம் பெற்று வீட்டில் வைத்திருக்கும் போல்ட் (தோட்டா அறையை மூடித் திறக்கும் தண்டு) உள்ள ரைஃபிளையும் விட்டுவைக்காது. முதலில் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் உறுதிசெய்ய வேண்டும். விரல் வியர்வையிலும் உப்பு இருப்பதால், தொட்ட ஒவ்வொரு முறையும் துப்பாக்கி எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணியால் இரும்புப் பாகங்களைத் துடைத்து, குழலின் உட்புறத்திலும் மெல்லியதாக எண்ணெய் பூசி வையுங்கள். மறுமுறை சுடுவதற்கு முன் அந்த எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்துவிடுவது கட்டாயம். தோல் உறையிலோ பஞ்சு வைத்த பையிலோ மாதக்கணக்கில் வைப்பதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. அவை ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைத்துவிடும். சுவரில் பொருத்திய இரும்புப் பெட்டகத்தில், எண்ணெய் துப்பாக்கியின் மரக்கட்டையில் இறங்காதபடி குழல்வாய் கீழ்நோக்கி இருக்க, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைப்பதே நல்லது. நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் அது ஈரத்தை உறிஞ்சித் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதை அடிக்கடி பாருங்கள். போல்ட்டைக் கழற்றி வேறிடத்திலும், தோட்டாக்களைத் தனிப் பூட்டிலும் வைத்து, சாவிகளைப் பிள்ளைகளின் கண்ணில் படாமல் நீங்களே வைத்திருங்கள்.