புத்தாண்டுத் தீர்மானம்: எழுதுவதும் கொண்டாடுவதும்

புத்தாண்டுத் தீர்மானம் என்ற பேச்சை எடுத்தாலே, "எல்லாம் ஜனவரியோடு சரி" என்று கையை விரிப்பவர்கள் உண்டு. அந்த அவநம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது என்றாலும், அது முழு உண்மையன்று. அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸும் அவருடைய குழுவினரும் 2002 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புத்தாண்டில் தீர்மானம் எடுத்தவர்களையும், தங்களிடம் ஒரு மாற்றம் வேண்டும் என்று விரும்பியும் தீர்மானம் என்று எதையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதம் கழித்தும் வெற்றிகரமாகத் தொடர்வதாகச் சொன்னவர்கள் முதல் பிரிவில் 46 சதவீதம், இரண்டாம் பிரிவில் 4 சதவீதம். ஆகவே தீர்மானம் எடுப்பது வீண்வேலை என்று ஒதுக்குவதற்கில்லை. அதை எப்படி எழுதுகிறோம், எதற்காகக் கொண்டாடுகிறோம் என்பவற்றில்தான் பெரும்பாலும் கோளாறு நேர்கிறது. செய்யப்போவதை டிசம்பர் 31 இரவிலேயே கொண்டாடிவிடுகிறோம், ஆண்டு முழுவதும் செய்ததைக் கொண்டாட மறந்துவிடுகிறோம். இந்த வரிசையை மாற்றிக்கொள்வதற்கான வழிகளை இங்கே விளக்க முற்படுகிறேன்.

முதலில் முடிந்த ஆண்டைக் கணக்குப் பாருங்கள்

இலக்கு எழுத உட்காருவதற்கு முன்னால், டிசம்பர் கடைசி வாரத்தில் யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, கடந்த பன்னிரண்டு மாதங்களையும் எழுதிப் பாருங்கள். நினைவை மட்டும் நம்பினால் கடைசி இரண்டு மூன்று மாதங்களே கண்முன் நிற்கும். அதனால் கைபேசியில் உள்ள படங்களை ஜனவரியிலிருந்து வரிசையாகத் தள்ளிப் பார்ப்பது நல்லது. மார்ச்சில் வீடு மாறியது, ஜூனில் ஒரு மாதம் முழுக்க மருத்துவமனையும் வீடுமாக அலைந்தது, செப்டம்பரில் பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட ஒரு சான்றிதழை வாங்கி முடித்தது என்று, மறந்தே போயிருந்தவை ஒவ்வொன்றாக வெளிவரும். மாதத்திற்கு இரண்டு வரி போதும். முதல் வரியில் செய்து முடித்ததையும், இரண்டாம் வரியில் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் சம்பள உயர்வும் பட்டமும் மட்டும் சாதனை என்று கொள்ள வேண்டாம். நோயாளி ஒருவரை உடனிருந்து பார்த்துக்கொண்டதும், கடனில் ஒரு பகுதியை அடைத்ததும், இழப்புக்குப் பிறகு மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பியதும் அந்த ஆண்டில் நீங்கள் செய்தவைதான். கடினமான ஓர் ஆண்டைக் கடந்து வந்தவர்கள், "இந்த ஆண்டு ஒன்றுமே செய்யவில்லை" என்று தங்களையே குறைத்துப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பட்டியலை எழுதிப் பார்த்தால் அந்தப் பேச்சு எவ்வளவு தவறானது என்று அவர்களுக்கே தெரியும்.

இன்னொரு பயனும் உண்டு. ஒரே தீர்மானத்தை ஆண்டுதோறும் எழுதி ஆண்டுதோறும் விட்டிருக்கிறீர்கள் என்றால், அது உண்மையில் உங்கள் விருப்பமா, அல்லது மற்றவர்கள் உங்களிடம் எதிர்பார்ப்பதா என்று நிதானமாகக் கேட்டுக்கொள்ள இதுவே தக்க நேரம். பிறருக்காக எழுதிய இலக்கைப் பட்டியலிலிருந்து நீக்குவதில் எந்தத் தவறும் இல்லை.

இலக்கைத் தேர்ந்தெடுத்தல்

ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. பத்து தீர்மானங்களை ஒரே நாளில் தொடங்குபவர், உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் சேமிப்புக்கும் ஒரே மாலை நேரத்தைப் பங்கு போட வேண்டியிருக்கும். எதற்கும் நேரம் போதாது.

தேர்ந்தெடுத்த இலக்கை, விடப்போவதாக எழுதாமல் செய்யப்போவதாக எழுதுங்கள். சுவீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் புத்தாண்டுத் தீர்மானங்களை ஓராண்டு காலம் பின்தொடர்ந்து 2020 இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றைச் செய்வதாக இலக்கு வைத்தவர்களில் ஏறத்தாழ 59 சதவீதத்தினரும், ஒன்றைத் தவிர்ப்பதாக இலக்கு வைத்தவர்களில் ஏறத்தாழ 47 சதவீதத்தினரும் வெற்றி பெற்றதாகக் கூறினார்கள். "இரவில் கைபேசியைப் பார்க்க மாட்டேன்" என்ற தீர்மானம், படுத்தபின் கை சும்மா இருக்கும்போது என்ன செய்வது என்று சொல்வதில்லை. "இரவு பத்து மணிக்குக் கைபேசியைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு, தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும் புத்தகத்தில் ஐந்து பக்கம் படிப்பேன்" என்று எழுதினால் கைக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது.

அடுத்து, இலக்கு எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும் என்ற கேள்வி. எட்வின் லாக், கேரி லேதம் ஆகிய இருவரும் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளின் சாரம், "முடிந்தவரை முயல்வேன்" என்று சொல்பவரைவிட, தெளிவானதும் சற்றுக் கடினமானதுமான இலக்கை ஏற்றுக்கொண்டவர் அதிகம் சாதிக்கிறார் என்பதே. ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். இதுவரை கைவராத ஒரு திறனைப் புதிதாகக் கற்கும்போது, முடிவைக் குறித்த கடினமான இலக்கு பதற்றத்தையே தரக்கூடும். அப்போது கற்கும் முறையைக் குறித்த இலக்கே பொருத்தமானது. புதிய மொழி ஒன்றைத் தொடங்குபவர், "ஆறு மாதத்தில் சரளமாகப் பேசுவேன்" என்று எழுதுவதைவிட, "இந்த மாதம் மூன்று விதமாகப் பயின்று பார்த்து, எனக்கு எது ஒத்துவருகிறது என்று கண்டுபிடிப்பேன்" என்று எழுதலாம்.

இலக்கின் அளவுகோல் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். ஒரு மாதத்தில் எத்தனை கிலோ குறையும் என்பதை உடல்தான் தீர்மானிக்கும், எத்தனை நாள் நடந்தோம் என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

நேரமும் இடமும் சேர்த்து எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதாக இருந்தால், இதைச் செய்யுங்கள் என்பேன். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர், "இன்ன நிலைமை வந்தால் இன்னதைச் செய்வேன்" என்ற வடிவில் எழுதப்படும் திட்டத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வு முடிவுகளைத் தொகுத்து 2006 இல் வெளியிட்ட கட்டுரை, இவ்வாறு எழுதுவது இலக்கை எட்டுவதற்குக் குறிப்பிடத்தக்க அளவு உதவுகிறது என்று காட்டியது. செயலை எப்போது தொடங்குவது என்று ஒவ்வொரு நாளும் புதிதாக யோசிக்கும் சுமை இதனால் நீங்கிவிடுகிறது. நிலைமை வந்ததும் செயல் நினைவுக்கு வருகிறது.

நடைப்பயிற்சியை எடுத்துக்கொள்வோம். "தினமும் நடப்பேன்" என்பது விருப்பம். "மாலை வேலையிலிருந்து வந்ததும், காலணியைக் கழற்றுவதற்கு முன், பையை வாசலில் வைத்துவிட்டு இருபது நிமிடம் நடப்பேன்" என்பது திட்டம். இதில் முக்கியமானது காலணிதான். அதைக் கழற்றி, முகம் கழுவி, நாற்காலியில் சாய்ந்தபின் மறுபடி வெளியே கிளம்புவதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும் என்பது உழைத்துக் களைத்தவர்களுக்குத் தெரியும். கழற்றாமலே திரும்பி நடக்கும்போது அந்தப் போராட்டமே எழுவதில்லை.

இதற்கு முந்தைய படியாக, கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஆய்வாளர் சொல்வது கவனிக்கத்தக்கது. நிறைவேறியதுபோல் கற்பனை செய்து மகிழ்வது மட்டும் போதாது, சொல்லப்போனால் அது முயற்சியைத் தளர்த்திவிடவும் கூடும். கற்பனை செய்த உடனேயே, அதற்குக் குறுக்கே நிற்கப்போகும் நம்முடைய சொந்தத் தடை எது என்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். மழை நாளில் நடக்க முடியாது என்று தெரிந்தால், "மழை பெய்தால் வீட்டு மாடிப்படியில் பத்து முறை ஏறி இறங்குவேன்" என்று இப்போதே எழுதி வைத்துவிடலாம்.

எழுதி வைப்பதைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. 1953 இல் யேல் பல்கலைக்கழக மாணவர்களில் இலக்கை எழுதி வைத்திருந்த 3 சதவீதத்தினர், பின்னாளில் மற்ற அனைவரையும்விட அதிகச் செல்வம் சேர்த்தார்கள் என்றொரு கதை மேடைதோறும் சொல்லப்படுகிறது. அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. எழுதுவதால் பயன் உண்டு, ஆனால் அதை நிறுவ இந்தக் கதை வேண்டியதில்லை.

தொடங்கும் நாள்

நள்ளிரவு வரை விழித்திருந்துவிட்டு, ஜனவரி 1 அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடுவதாகத் திட்டமிடுவது முதல் நாளிலேயே தோல்வியை வரவழைக்கும் ஏற்பாடு. முதல் நாளைக் கொண்டாட்டத்துக்கும் உறக்கத்துக்கும் விட்டுவிட்டு, மறுநாளோ முதல் திங்கட்கிழமையோ தொடங்கலாம். ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014 இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதிதாகத் தொடங்கும் உற்சாகம் ஆண்டின் முதல் நாளில் மட்டுமன்றி, வாரத்தின் தொடக்கத்திலும், மாதத்தின் தொடக்கத்திலும், பெரும்பாலான பிறந்தநாள்களை ஒட்டியும் எழுகிறது. எனவே ஜனவரி தவறிப்போனால் பிப்ரவரி முதல் தேதி இருக்கிறது.

விட்டுப்போகும் நாளுக்கும் திட்டம் வேண்டும்

ஒரு பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கை நம்பி, நான்காவது வாரத்திலும் சிரமமாக இருக்கிறதே என்று மனம் உடைந்துபோகிறவர்கள் பலர். லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரிடம் நடத்தி 2010 இல் அச்சிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. அதே ஆய்வின் இன்னொரு முடிவு ஆறுதலானது: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

நார்கிராஸின் முந்தைய ஆய்வு ஒன்று 200 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தது. ஒரு வாரம் வரை தீர்மானத்தைக் காத்தவர்கள் 77 சதவீதம், இரண்டு ஆண்டுகள் வரை காத்தவர்கள் 19 சதவீதம். ஆனால் கடைசிவரை வென்ற அந்தச் சிலரிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் குறைந்தது ஒரு முறையாவது சறுக்கியிருந்தார்கள். அவர்கள் மறுபடி தொடங்கினார்கள் என்பதே வேறுபாடு. ஆகவே உங்கள் திட்டத்தின் கீழே, "ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் பாதி அளவாவது செய்வேன்" என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். நாள்காட்டியில் செய்த நாளை மட்டும் பேனாவால் குறியுங்கள். செய்யாத நாளைச் சிவப்பு மையில் பெருக்கல் குறியிட்டுத் தண்டிக்க வேண்டாம்.

எப்படிக் கொண்டாடுவது

ஆண்டின் கடைசி மாலையில் குடும்பத்தினரோ நண்பர்களோ கூடியிருக்கும்போது, "வருகிற ஆண்டு என்ன செய்யப்போகிறாய்?" என்று ஒவ்வொருவரையும் கேட்பதைவிட, "இந்த ஆண்டு நீ செய்ததில் உனக்கு நிறைவு தந்தது எது?" என்று கேளுங்கள். ஒருவர் சொல்லி முடித்ததும், அவர் சொல்ல மறந்த ஒன்றை மற்றொருவர் எடுத்துச் சொல்லட்டும். "அக்கா, தேர்வு நேரத்தில் எனக்கு இரவெல்லாம் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தாயே, அதை விட்டுவிட்டாயே" என்று தம்பி நினைவுபடுத்தும்போது அந்த அக்காவின் முகம் மலர்வதற்கு ஈடான பரிசு வேறில்லை. பிள்ளைகளை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி, மதிப்பெண் குறித்து வாக்குறுதி வாங்குவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அவர்களுக்குக் கொண்டாட்டமே கசந்துவிடும்.

பெரியவர்களும் தங்கள் தீர்மானத்தை ஊரறியச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. நான் இன்னாராக ஆகப்போகிறேன் என்ற வகை இலக்கைப் பிறர் அறிந்துகொண்டு தலையசைத்துவிட்டால், பாதி எட்டிவிட்ட உணர்வு வந்து முயற்சி குறையக்கூடும் என்பதற்குக் கோல்விட்சர் குழுவின் 2009 ஆம் ஆண்டு ஆய்வில் அறிகுறிகள் உண்டு. வாரம் ஒரு முறை, "இந்த வாரம் எத்தனை நாள்?" என்று உரிமையோடு கேட்கக்கூடிய ஒருவரிடம் சொல்வது போதுமானது.

ஆண்டின் நடுவில் வரும் கொண்டாட்டங்களே இலக்கைத் தாங்கி நிற்பவை. கெய்ட்லின் வூலி, ஆயெலெட் ஃபிஷ்பாக் ஆகியோரின் ஆய்வில், புத்தாண்டுத் தீர்மானத்தில் யார் நிலைத்து நிற்பார்கள் என்பதைக் காட்டியது, அந்தச் செயலைச் செய்யும்போதே கிடைத்த மகிழ்ச்சி. அது நெடுங்காலத்துக்கு எவ்வளவு முக்கியம் என்ற எண்ணம் அந்த அளவுக்குக் காட்டவில்லை. எனவே நடப்பதில் சலிப்பு வந்தால் பிடித்த பாடல்களை நடக்கும்போது மட்டும் கேட்பது, தனியாகப் படிக்க முடியாவிட்டால் நண்பருடன் சேர்ந்து படிப்பது என்று செயலையே இனிமையாக்கிக்கொள்ளுங்கள். பரிசு தருவதாக இருந்தால் இலக்குக்கு எதிராகாத பரிசாகத் தேர்ந்தெடுங்கள். மூன்று மாதம் சேமித்ததைக் கொண்டாட அந்தச் சேமிப்பிலேயே கை வைப்பது பொருந்தாது. ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, நெடுநாள் பார்க்காத நண்பரைப் போய்ப் பார்த்து வரலாம்.

ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளை இப்போதே கைபேசி நாள்காட்டியில் நினைவூட்டலாகப் பதிந்து வையுங்கள். அன்று அரை மணி நேரம் உட்கார்ந்து, குறியிட்ட நாள்களை எண்ணிப் பாருங்கள். இலக்கு பெரிதாக இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள், எளிதாகிவிட்டால் சற்றுக் கூட்டுங்கள். வேலை மாறியோ உடல்நிலை மாறியோ அந்த இலக்குக்கு இனிப் பொருளில்லை என்றால், அதன் குறுக்கே கோடிட்டு, தேதியையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவிட்டு, அந்த நேரத்தை வேறொன்றுக்கு ஒதுக்குங்கள்.