ட்வீட் அணிந்து வில் வேட்டைக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் நெடுவில்லோ, முனைகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லோ ஏந்தி மான் வேட்டைக்குச் செல்பவர்களில் சிலர், இலையும் கிளையும் அச்சிட்ட செயற்கை இழை உடைகளை ஒதுக்கிவிட்டு, ட்வீட் என்னும் தடித்த கம்பளித் துணியில் தைத்த கோட்டு, அதற்குள் அணியும் கையில்லாத வெயிஸ்ட்கோட், முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் கால்சட்டை, நீண்ட கம்பளிக் காலுறை, கழுத்தில் டை என்று பழைய மரபின் முழு உடையில் காட்டுக்குள் இறங்குகிறார்கள். கம்பளியைத் தேர்ந்தெடுத்ததில் தவறேதும் இல்லை. கிளையில் உரசினால் ஓசை எழுப்பாத, நனைந்தாலும் ஓரளவு வெதுவெதுப்பைக் காக்கும் துணி அது. மிச்சிகனின் கிரேலிங் நகரில் வில் தொழிற்சாலை நடத்திய ஃப்ரெட் பேர் போன்ற முன்னோடிகள் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையிலேயே காலம் தள்ளினார்கள். சிக்கல் பெரும்பாலும் தையலில் இருந்துதான் தொடங்குகிறது.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. ஸ்காட்லாந்தின் பெருநில எஸ்டேட்கள் தமக்கென நெய்த ட்வீட்களும், ஆல்ப்ஸ் மலைநாடுகளின் லோடன் என்னும் இறுகிய கம்பளிக் கோட்டுகளும் இன்று நாம் அறிந்த வடிவத்தைத் துப்பாக்கி வேட்டையில்தான் பெற்றன. அவை பிறந்த நாடுகளிலோ இன்று வில் வேட்டைக்கே இடமில்லை. பிரிட்டனில் அது சட்டவிரோதம். ஜெர்மனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டம் குளம்புள்ள விலங்குகள்மீது அம்பு எய்வதைத் தடுக்கிறது. ஆஸ்திரியாவிலும் இதே நிலைதான். ஆகவே எடின்பரோவிலோ சால்ஸ்பர்கிலோ வேட்டைக் கோட்டு தைக்கும் கடையில் இருப்பவர், நாண் இழுத்த நிலையில் ஒருவரை நிறுத்தி அளவெடுத்திருக்க வாய்ப்பே இல்லை. பிரான்ஸ் 1995 முதல் வில் வேட்டையை அனுமதிக்கிறது என்றாலும் மரபான ட்வீட் தையலை அது மாற்றிவிடவில்லை. கடையில் தொங்கும் கோட்டு "வேட்டைக்கானது" என்ற சொல்லை நம்பி வாங்குவதே முதல் தவறு.

நார்ஃபோக் என்ற மரபான வேட்டைக் கோட்டு வகையை எடுத்துக்கொள்வோம். அதன் முதுகில் உள்ள மடிப்புகள், துப்பாக்கியைத் தோளில் பொருத்தி இரு கைகளையும் முன்னே நீட்டும்போது முதுகுப்புறத்தில் துணி இறுகாமல் விரிந்துகொடுப்பதற்காகவே வைக்கப்பட்டவை. வில்லில் நிகழ்வது ஏறக்குறைய இதன் தலைகீழ். ஒரு கை பக்கவாட்டில் நீள்கிறது, மறுகையின் முழங்கை பின்னோக்கிச் செல்கிறது, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகெலும்பை நோக்கி நெருங்குகின்றன. முதுகில் வைத்த கூடுதல் துணிக்கு அங்கே வேலையே இல்லை. அது சுருண்டு குவியும். கைகள் தோள் உயரத்துக்கு எழும்பும்போது ஆர்ம்ஹோல் (கையைப் பொருத்தும் துளை) தாழ்வாக வெட்டப்பட்ட கோட்டு முழுவதும் மேலே ஏறி, காலர் தாடையை முட்டி, மார்புப் பகுதித் துணி நாணின் பாதையை நோக்கிப் புடைக்கும். நின்றபடி கண்ணாடியில் பார்க்கும்போது எவ்வளவு கச்சிதமாகத் தெரிந்தாலும், நாணை முழுதும் இழுத்த நிலையில் அதே கோட்டு வேறொரு உடையாகிவிடுகிறது. எனவே கோட்டை அணிந்து, வெயிஸ்ட்கோட்டையும் உள்சட்டையையும் சேர்த்தே அணிந்து, வில்லை இழுத்துக் காட்டிய பிறகுதான் தையற்காரர் அளவெடுக்க வேண்டும். ஆர்ம்ஹோல் அக்குளை ஒட்டி உயர்வாக இருப்பதும், வில் பிடிக்கும் கையின் சட்டைக்கை முன்கையில் குறுகலாக இருப்பதும் முதுகு மடிப்புகளைவிட முக்கியம்.

சட்டைக்கையின் அகலத்தைச் சிறிய விஷயமாக நினைப்பவர்கள் நாண் செல்லும் வழியை உற்றுப் பார்க்காதவர்கள். விடுபட்ட நாண் வில் கையின் முன்கையை மிக நெருக்கமாகக் கடந்து செல்கிறது. அங்கே தடித்த ட்வீட் துணி தொங்கினால் நாண் அதில் உரசி, வேகத்தை இழப்பதோடு அம்பின் திசையும் மாறும். சட்டென்று ஒரு ஓசையும் எழும். 20 கஜத்துக்குள் நிற்கும் மானுக்கு அந்த ஓசை போதும்; அம்பு வந்து சேர்வதற்குள் அது உடலைத் தாழ்த்திப் பாயத் தொடங்கியிருக்கும். அடிவயிற்றிலோ தொடையிலோ அம்பு பட்டுக் காயத்துடன் ஓடும் மானைத் தேடித் திரிவதைவிட மோசமான அனுபவம் இந்த வேட்டையில் இல்லை. தோலால் ஆன நீண்ட கைக்காப்பைக் கோட்டுக்கு மேலேயே கட்டித் துணியை அழுத்தி வைப்பது எளிய தீர்வு. எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க, நாணில் சாக்குக்கட்டித் தூளைத் தடவி, பயிற்சி இலக்கில் சில அம்புகளை எய்துவிட்டுக் கோட்டைப் பாருங்கள். முன்கையிலோ மார்பின் இடப்பக்கத்திலோ வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அந்த இடம்தான். சோதனைதானே என்று அம்பு பூட்டாமல் நாணை விடக் கூடாது, வில் முறிந்துவிடக்கூடும்.

முன்பக்கத்தில் துருத்தும் எதையும் நாண் விட்டுவைக்காது. கொம்புப் பொத்தான், மார்புப் பையின் மூடி, கழுத்து மடலின் நுனி, பைக்கடிகாரச் சங்கிலி, தொங்கும் டை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். டை அணிந்தே தீர வேண்டுமென்றால் அதை வெயிஸ்ட்கோட்டுக்குள் ஆழமாகச் செருகிப் பொத்தானிட வேண்டும். டை ஊசி மட்டும் போதாது. கம்பளி பின்னல் டை வழுக்காது என்பதால் பட்டு டையைவிட மேல். தொப்பியிலும் கவனம் தேவை. ஃப்ரெட் பேர் அகன்ற விளிம்புள்ள ஃபெல்ட் தொப்பியுடன் எய்தார் என்பதைப் பார்த்துப் பலர் அதையே வாங்குகிறார்கள். வில்லைச் சாய்த்துப் பிடிப்பவருக்கு நாண் விளிம்பில் முட்டுமா என்பதை அவரவர் முகமும் நாண் பொருந்தும் இடமுமே முடிவு செய்கின்றன. முட்டினால் தட்டையான ட்வீட் தொப்பிக்கு மாறுவதே நல்லது.

முழங்கால்வரை தொங்கும் லோடன் கோட்டு நடப்பவருக்கு அருமையான உடை. லோடன் என்பது நெய்த கம்பளியை நீரிலிட்டு மிதித்தும் அடித்தும் சுருக்கி இறுக்கிய துணி. மழைநீர் அதன் மேல்மயிரில் வழிந்து ஓடும். ஆனால் உட்கார்ந்தபடி எய்யும்போது அதன் கீழ்ப்பகுதி மடியில் குவிந்து, நெடுவில்லின் கீழ்முனையில் சிக்கும். மரப்பரணில் அமர்பவர்கள் இடுப்பளவு கோட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். பரணில் ஏறும் எவரும் உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டையைக் கட்டியாக வேண்டும் என்பதில் சமரசமே கிடையாது. அழகு கெடுகிறதென்று பட்டையைக் கழற்றி வைப்பது இந்த உடையால் நிகழும் தவறுகளில் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. கோட்டுக்கு மேலே கட்டினால் மார்புத் துணியையும் அது சேர்த்து அழுத்தும் என்பது கூடுதல் நன்மை.

கம்பளி மௌனமானது என்பது உண்மையானாலும் கோட்டின் உள்ளே இருக்கும் லைனிங் அப்படியல்ல. சாட்டின் போன்ற வழவழப்பான செயற்கை லைனிங், உறைகுளிரில் விறைத்து, ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். லைனிங் இல்லாத கோட்டையோ, தோளிலும் சட்டைக்கையிலும் மட்டும் மெல்லிய லைனிங் இட்ட கோட்டையோ தேடுவது நல்லது.

அடுத்தது வெள்ளைப் பருத்திச் சட்டை. மரபுடைக்குள் கட்டமிட்ட வெளிர் நிறப் பருத்திச் சட்டை அணிவது வழக்கம். பரணை நோக்கி நடக்கும்போது அது வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அசையாமல் அமர்ந்திருக்கும் நேரம் முழுவதும் உடம்பைக் குளிரவைக்கும். மேலே எவ்வளவு விலையுயர்ந்த கம்பளி இருந்தாலும் பயனில்லை. மெரினோ ஆட்டின் மென்கம்பளி உள்சட்டையும் மெல்லிய ஃபிளானல் கம்பளிச் சட்டையும் அணிந்து, கோட்டை முதுகில் கட்டிச் சுமந்து சென்று, பரணுக்கு வந்த பிறகே அணிந்துகொள்ளுங்கள். மிச்சிகனில் வில் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அந்த நாட்களில் மதிய வெயில் முழு ட்வீட்டைத் தாங்க விடாது. மழையும் கணக்கில் வர வேண்டும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. 2 கிலோ கோட்டு 600 கிராமுக்கு மேல் கூடிவிட்டதைத் தோள்தான் உணரும்.

வெள்ளைச் சட்டையில் இன்னொரு குறையும் உண்டு. வெண்வால் மானின் கண்ணில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் இரண்டு வகையே உள்ளன. சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு மங்கலாகவே தெரியும், நீலமும் ஓரளவு புற ஊதா ஒளியும் நன்றாகத் தெரியும். சலவைத் தூளில் கலக்கும் வெண்மையூட்டிகள் அந்த நீலப் பகுதியில்தான் ஒளிர்கின்றன. ஆகவே காலரும் கைமடிப்பும் மானுக்குப் பளிச்சிடும் இடங்களாகின்றன. மாறாக, பழைய அமெரிக்க வேட்டைக்காரர்களின் சிவப்பு கறுப்புக் கட்டக் கோட்டு, நமக்குக் கண்ணைப் பறித்தாலும், மானுக்கு இருளும் வெளிச்சமும் கலந்த திட்டுகளாகவே தோன்றும். விக்டோரியா அரசியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட், ஸ்காட்லாந்தின் பால்மோரல் எஸ்டேட்டுக்காக 1853 வாக்கில் வடிவமைத்த ட்வீட் அந்த மலைப்பகுதிக் கிரானைட் பாறையின் சாம்பல் நிறத்தைத் தழுவியது. தத்தம் மலைச்சரிவுக்கேற்ற நிறங்களைத்தான் எஸ்டேட்கள் நெய்துகொண்டன. இலையுதிர்ந்த மேப்பிள் காட்டில் ஒரே அடர்பச்சையாக இருக்கும் லோடன், வானத்தின் பின்னணியில் கருநிழலாகத் தெரியும். நிறத்தைவிடத் திட்டும் உடைவும் உள்ள நெசவே அங்கே உதவும்.

மானை ஏமாற்றுவது ஒருபுறமிருக்க, மனிதர் கண்ணில் படுவது சட்டப்படி கட்டாயமாகும் நாட்கள் உண்டு. மிச்சிகனில் நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கிப் பருவம்; அப்போது வில்லுடன் செல்பவரும் ஒளிரும் ஆரஞ்சு நிறத்தை வெளிப்புறத்தில் அணிய வேண்டும். விஸ்கான்சினிலும் துப்பாக்கிப் பருவத்தில் ஒளிரும் ஆரஞ்சோ ஒளிரும் இளஞ்சிவப்போ கட்டாயம். ஆரஞ்சு மேலங்கியை ட்வீட்டுக்கு மேலே அணிவது கோரமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே வில்லுக்கு விலக்கு எதையும் அளிக்கவில்லை; இலக்குப் பலகைதான் நமக்கு.

கடைசியாக மணம். பழைய உடைக் கடையிலோ தாத்தாவின் அலமாரியிலோ கிடைத்த ட்வீட்டில் அந்துருண்டை வாடை நாட்கணக்கில் ஒட்டியிருக்கும். உலர் சலவைக்குக் கொடுத்தால் ரசாயன வாடை சேரும். பருவத்துக்குச் சில வாரங்கள் முன்பே கோட்டை வெளியே நிழலில், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட வேண்டும். வெந்நீரில் அலசிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தால், லோடன் உருவாகும் அதே முறையில் கோட்டும் சுருங்கி, பையனுக்கே பொருந்தும். சேற்றை உலரவிட்டுத் தூரிகையால் துடைப்பதும், தேவைப்பட்டால் மணமற்ற சோப்புடன் குளிர்நீரில் மெல்ல அழுத்தி எடுத்துத் தட்டையாக விரித்து உலர்த்துவதும் போதுமானவை. அடுத்த பருவம்வரை அந்துப்பூச்சி அண்டாமல் காக்க, சுத்தம் செய்த கோட்டைக் காற்றுப் புகாத பையில் கட்டி, சில நாட்கள் உறைபெட்டியில் வைத்தெடுத்து, அதே பையிலேயே அலமாரியில் வைத்துவிடலாம்.