நாட்டுக்கோழி: அவயம் வைக்கதுல இருந்து குஞ்சு தேறுத வரைக்கும்

புதுசா கோழி வளக்க ஆசப்படுதவங்க மொதல்ல குஞ்சு எங்க கெடைக்கும்னுதான் கேக்காங்க. நான் சொல்லுதது, பக்கத்து ஊர்லயே அஞ்சாறு வெடக்கோழியும் (முட்டைக்கு வரப்போற இளங்கோழி) ஒரு சேவலும் வாங்கிருங்க, நம்ம வெயிலுக்கு பழகுன கோழி, அதுவே அவயத்துக்கு, அதாவது அடைக்கு, ஒக்காந்து பொரிச்சி குஞ்சையும் அதுவே வளத்துரும், கரண்டு செலவு கெடயாது.

கோழி கூட்டை விட்டு எந்திரிக்காம, கிட்ட போனா எறகை சிலுப்பிக்கிட்டு கத்துச்சின்னா அவயத்துக்கு வந்துட்டுன்னு அர்த்தம். ஒரு வாரத்துக்குள்ள எடுத்த முட்டையா பாத்து வைங்க, கழுவக்கூடாது. 10-12 முட்டை போதும், ஆசைக்கு கூட வச்சீங்கன்னா ஓரத்துல கெடக்கதுக்கு சூடு பத்தாது, கோழி வேற உருட்டி உருட்டி மாத்தும், அதனால எல்லா முட்டையும் ஒரு தடவையாவது ஓரத்துக்கு வந்து நல்லதும் சேந்து கெட்டுரும். ஓலப்பெட்டில மணல் போட்டு மேல வைக்கோல், கொஞ்சம் அடுப்பு சாம்பல், செள்ளுப்பூச்சி அண்டாது. இடி இடிச்சா முட்டை கெட்டுரும்னு இரும்புத்துண்டும் மொளகா வத்தலும் போடச் சொல்லுவாங்க எங்க ஆச்சி, போடுங்க தப்பில்ல, ஆனா சாம்பலை மறந்துராதீங்க.

ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சுல முட்டையை வச்சி பாருங்க, சிலந்திக்கால் மாதிரி செவப்பு நரம்பு ஓடுனா கரு இருக்கு, வெறும் வெளிச்சமா இருந்தா கூமுட்டை, எடுத்துருங்க. 21 நாள்ல பொரிஞ்சிரும். லேட்டா வருததை ஓடு உரிச்சி எடுக்காதீங்க, ரத்தம் வந்து செத்துரும்.

மொத மாசந்தான் கண்டம். தாயோட பஞ்சாரத்துல (கவுத்து மூடுத பெரிய கூடை) போட்டு குருணையும் கம்பும் கொடுங்க, தண்ணித்தட்டுல கூழாங்கல் போட்டு வைங்க, இல்லன்னா குஞ்சு விழுந்து நனைஞ்சிரும். கரையான் கெடச்சா அதை விட தீனி இல்ல. பழைய பானைல காஞ்ச சாணியும் ஈரச்சாக்கும் திணிச்சி சாயங்காலம் கரையான் புத்துப் பக்கம் கவுத்து வைங்க, உள்ள கரையான் ஏறிரும், காலைல பானையை தூக்கி உதறுனா போதும், குஞ்சு எல்லாம் ஓடி வரும்.

பருந்துக்கு பகல்ல முருங்கை, உடைமர நெழல் இருந்தா குஞ்சு ஓடி ஒளிஞ்சிக்கிடும். ராத்திரி கீரி, மரநாய்க்கு தரையில இருந்து ரெண்டடி ஒசரத்துல கூடு, சந்து இல்லாம வலை அடிச்சிருக்கணும். ஐப்பசி கார்த்திகை மழைல கூட்டுக்குள்ள ஈரம் தங்கவே கூடாது, ரத்தக்கழிச்சல் அப்படித்தான் வருது, கூட்டுல பரப்புன உமியை மாத்திக்கிட்டே இருங்க.

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வந்துட்டுன்னா மருந்து கெடயாது, தொழுவமே காலியாயிரும், தயவுசெஞ்சி தடுப்பு மருந்தை தள்ளிப் போடாதீங்க. குஞ்சு பொரிஞ்ச ஏழாம் நாள் கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் றெக்கைக்கு அடியில ஊசி. மருந்தை ஐஸ் போட்டுத்தான் கொண்டு வரணும், வெயில்ல காஞ்சா போட்டும் பிரயோசனம் இல்ல. பிப்ரவரில கால்நடைத்துறை முகாம் போடுவாங்க, ஊர்ல தண்டோரா வருதான்னு காத்திருக்காம கால்நடை மருந்தகத்துல போயி தேதி கேட்டுருங்க. கோழி தலை திருகி நின்னாலோ பச்சையா வெள்ளையா கழிஞ்சாலோ அதை ஒடனே தனியா பிரிச்சிட்டு டாக்டர்ட்ட காட்டுங்க, திருநெல்வேலி பக்கம் ராமையன்பட்டில கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு, அங்கயும் கேக்கலாம்.