கூரைக்குக் காப்பீட்டுப் பணம் கேட்கும் முன்

ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று இறங்கினால் புளியரைப் பக்கம் ஓட்டு வீடுகள் தப்பிப்பது கஷ்டம். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியில் புயலுக்கும், மரம் விழுந்த சேதத்துக்கும் பணம் உண்டு. ஓடுகளைத் தாங்கும் கைமரம் நாள்பட்டு உளுத்திருந்தால் அதற்குக் கிடையாது. சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் கண் முதலில் போவதும் அங்கேதான். அதனால் சித்திரையிலேயே கூரையை உள்ளும் புறமும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள்.

சேதமானதும் முதலில் படம், அப்புறம் தார்ப்பாய். உடைந்த ஓடுகளைத் திண்ணையோரம் அடுக்கி வையுங்கள். எங்கள் கொத்தனார் அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஓடையில் கொட்டிவிட, சர்வேயரிடம் நான் பட்ட பாடு போதும். இடிபாடு அகற்றும் செலவுக்கும் க்ளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை கிடைக்கும். மறக்காமல் எழுதிக் கேளுங்கள்.